கேலிப்ரேட்டர் கெடாமல் காப்பது எப்படி: டெல்டா லேப்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) முடித்துவிட்டு மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ ஒரு சிறிய லேபில் சேர்கிறீர்கள். ரத்தம் எடுப்பது, சென்ட்ரிஃபியூஜ் ஓட்டுவது, செமி ஆட்டோ அனலைசரில் சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்னக் குப்பிகளைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. ‘ஸ்டாண்டர்ட் அங்கே இருக்கு, எடுத்துப் போட்டுக்கோ’ என்பதோடு சரி. இந்தக் கட்டுரை அந்தக் குப்பிகளைப் பற்றியது. உள்ளே இருப்பது அளவு முன்கூட்டியே தெரிந்த கரைசல்; அதை வைத்துத்தான் மெஷின் நோயாளியின் அளவைக் கணக்கிடும். ஸ்டாண்டர்ட் என்றும் கேலிப்ரேட்டர் என்றும் சொல்வார்கள்.

எதற்கு இவ்வளவு கவனம்?

ஒரு நோயாளியின் சாம்பிள் கெட்டால் ஒரு ரிப்போர்ட் தப்பும். கேலிப்ரேட்டர் கெட்டால் அன்று காலை வந்த அத்தனை பேரின் ரிப்போர்ட்டும் ஒரே பக்கமாகச் சாயும். எந்த எண்ணும் அபத்தமாகத் தெரியாது என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.கி./டெ.லி. (ஒரு டெசி லிட்டரில், அதாவது 100 மி.லி.யில் 100 மி.கி.) என்று லேபிள் ஒட்டிய குளுக்கோஸ் ஸ்டாண்டர்ட் மூடி சரியாக மூடாமல் கிடந்து, நீர் ஆவியாகி 105 ஆகிவிட்டது. மெஷினுக்கு அது தெரியாது. நாம் 100 என்றுதான் சொல்லியிருக்கிறோம். இனி மெஷின் எல்லாரையும் ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்தே காட்டும். வெறும் வயிற்றில் உண்மையிலேயே 126 உள்ளவருக்கு 120 என்று ரிப்போர்ட் போகும். சர்க்கரை நோய் என்று சொல்வதற்கான எல்லைக்கோடு 126. அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

தலைகீழாகவும் நடக்கும். ஸ்டாண்டர்டில் பூஞ்சை பிடித்துச் சர்க்கரையைத் தின்று அது 95-க்கு இறங்கினால், 120 உள்ளவர் 126 ஆகிவிடுவார். கேலிப்ரேட்டர் ஏறினால் ரிப்போர்ட் இறங்கும், கேலிப்ரேட்டர் இறங்கினால் ரிப்போர்ட் ஏறும். இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினைகளின் மூலத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊகித்துவிடலாம்.

‘அளவு தெரிந்த கன்ட்ரோலைப் போட்டு மெஷினைச் சரிபார்ப்பது அதற்குத்தானே?’ என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கேலிப்ரேட்டரும் கன்ட்ரோலும் ஒரே தட்டில், ஒரே ஃபேனுக்குக் கீழே, ஒரே நேரம் திறந்து கிடந்தால் இரண்டும் ஒரே அளவு ஆவியாகும். இதுவும் 5 சதவீதம் கூடியது, அதுவும் 5 சதவீதம் கூடியது. மெஷினில் கன்ட்ரோல் அழகாக நடுக்கோட்டில் வந்து உட்காரும். நோயாளிகளின் ரிப்போர்ட் மட்டும் தப்பாக இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: கேலிப்ரேட்டரும் கன்ட்ரோலும் ஒரே கெடுதலைச் சேர்ந்து அனுபவிக்கவே கூடாது. வேறு வேறு நாளில் கரையுங்கள், வேறு வேறு தட்டில் வையுங்கள், முடிந்தால் வேறு கம்பெனியின் கன்ட்ரோலை வாங்குங்கள்.

முதல் வேலை: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

ஃப்ரிட்ஜைத் திறந்தால் பொதுவாக மூன்று வகை இருக்கும். ஒன்று, சோதனை ரசாயனங்கள் அடங்கிய கிட்டோடு சேர்ந்து வரும் திரவ ஸ்டாண்டர்ட்: குளுக்கோஸ் 100, கொலஸ்ட்ரால் 200, கிரியேட்டினின் 2 என்று ஒரே பொருள் மட்டும் கரைந்திருக்கும். இரண்டாவது, பவுடராக வரும் மல்ட்டி கேலிப்ரேட்டர். சீரத்தை உறைய வைத்து, வெற்றிடத்தில் உலர்த்திப் பொடியாக்கியது; நாம் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். மூன்றாவது, திரவமாகவே வரும் சீரம் கேலிப்ரேட்டர். இதில் எத்திலீன் கிளைக்கால் போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் இது கட்டியாகாமல் இருக்கலாம். புதிதாக வருபவர்கள் ‘ஃப்ரீசர் ரிப்பேர் போல’ என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். பதற வேண்டாம், அது உறையக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். மைக்ரோ பிப்பெட்டில் மெதுவாக இழுத்து, டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கும். அதைப் பெட்டியோடு தூக்கி எறிவதுதான் நம் ஊர் வழக்கம். எறியாதீர்கள். லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மாறினால் கேலிப்ரேட்டரின் மதிப்பும் மாறும். புது லாட்டுக்குப் பழைய தாளின் எண்ணைப் போட்டு வேலை செய்த லேப்கள் உண்டு. ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். திறந்த பிறகு எத்தனை நாள் என்பதும் அதில்தான் இருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்த காலாவதி நாள் திறக்காத குப்பிக்கு மட்டும் பொருந்தும்.

எது எதனால் கெடுகிறது

எல்லாவற்றையும் ‘ஃப்ரிட்ஜில் வை’ என்று ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

குளுக்கோஸுக்கு எதிரி கிருமி. அதனால்தான் குளுக்கோஸ் ஸ்டாண்டர்டைப் பென்சாயிக் அமிலக் கரைசலில் தயாரிக்கிறார்கள்; ஊறுகாய் பாட்டிலில் போடும் சோடியம் பென்சோயேட்டின் உறவுதான் அது. யூரியாவுக்கும் கிருமிதான் எதிரி. யூரியேஸ் நொதி உள்ள பாக்டீரியா புகுந்தால் யூரியா உடைந்து அம்மோனியாவாகிவிடும். கிரியேட்டினின் வேறு ரகம். நடுநிலையான அல்லது காரமான நீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியேட்டினாக மாறும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருந்தால் அப்படியே நிற்கும். கிட்டில் வரும் கிரியேட்டினின் ஸ்டாண்டர்ட் புளித்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான், கெட்டுப்போனதால் அல்ல. யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது; லித்தியம் கார்பனேட் சேர்த்துக் கரைப்பார்கள். குளிரில் சில சமயம் அடியில் பொடிப் பொடியாகப் படிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் போட்டீர்களானால் மேலே உள்ள நீர்த்த பகுதி மட்டும் மெஷினுக்குப் போகும்.

பிலிருபினுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சள் காமாலைக் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறோமே, அதே வேதியியல் நம் கேலிப்ரேட்டருக்குள்ளும் நடக்கும். ஜன்னல் ஓரம் வைத்தால் மணிக்கணக்கில் மதிப்பு விழும். டியூப் லைட்டும் மெதுவாக அதே வேலையைச் செய்யும். அலுமினியத் தாளில் சுற்றுவது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

நொதிகள் தனி உலகம். எல்.டி.எச். நொதியின் சில வகைகள் குளிர் தாங்காது, ஃப்ரீசரில் வைத்தால் செயல் குறையும். ஏ.எல்.டி. மைனஸ் 20-இல் நன்றாக இருக்காது. சி.கே. காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து சோர்ந்துபோகும்; அதனால்தான் அதன் கிட்டில் அசிட்டைல் சிஸ்டீன் என்ற பொருளைச் சேர்த்து அதை எழுப்புகிறார்கள். எல்லாம் இறங்கும் ஊரில் ஒன்று ஏறவும் செய்யும்: பவுடரிலிருந்து கரைத்த சீரத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் செயல்பாடு கரைத்த பின் சில மணி நேரத்துக்கு மெல்ல ஏறும். கரைத்த உடனே போட்டால் ஒரு எண், மதியம் போட்டால் வேறு எண். தாளில் ‘இத்தனை நிமிடம் வைத்துவிட்டுப் பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

பைகார்பனேட்டுக்கு மூடி திறந்தாலே போதும், கரியமில வாயு பறந்துவிடும். அதற்கு எந்த வைத்தியமும் கிடையாது, திறந்ததும் போட்டுவிட வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வேதிமாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 5 டிகிரியில் இருக்க வேண்டிய குப்பியைக் கத்திரி வெயில் நாளில் 35 டிகிரி அறையில் மறந்து வைத்தால், மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்கு வேகம். தாளில் எட்டு நாள் என்று இருந்தால் உங்களுக்கு ஒரு நாள். இது தோராயம்தான்; ஆனாலும் பயப்பட இது போதும். தாளில் ‘அறை வெப்பம்’ என்று போட்டிருப்பது 15 முதல் 25 டிகிரி வரை என்பதையும் கவனியுங்கள். மே மாதத் தஞ்சாவூரில் ஏ.சி. இல்லாத அறை அந்தக் கணக்கில் வராது.

தண்ணீர்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

டெல்டாவில் போர் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு, உள்ளே வர வர கடினத்தன்மை. லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அது முழுவதும் கால்சியத்தால் வந்தது என்றால், அதில் ஒரு டெசி லிட்டருக்கு 12 மி.கி. கால்சியம் இருக்கிறது. மனித ரத்தத்தில் இருப்பதே 8.5 முதல் 10.5 வரைதான். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிக் குவளையில் வெள்ளைத் திட்டாக ஒட்டியிருக்கிறதே, அது கால்சியம் ரிப்போர்ட்டில் போய் நிற்கும்.

கேன் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, கேலிப்ரேட்டருக்கு ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் ‘டிஸ்டில்டு வாட்டர்’ கேனை லேபில் பார்த்தால் அதை இன்வெர்ட்டர் பக்கமே நகர்த்தி வையுங்கள். மருத்துவ லேபுக்கான நீருக்குச் சர்வதேச அளவுகோல் இருக்கிறது: மின்தடைத்திறன் 10 மெகா ஓம்-சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, மி.லி.-க்கு 10 பாக்டீரியாக் கூட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மாதிரி பிளான்ட் எல்லா லேபிலும் இருக்காது என்பது தெரிந்ததே. நல்ல கம்பெனியின் டீஅயனைஸ்டு நீரைச் சின்னப் பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியைப் போட்டு, சீக்கிரம் தீர்த்துவிடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். அவசரத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி மருந்து கரைக்கும் நீர் ஆம்பூல் உதவும். ஆனால் பலமுறை எடுக்கும் குப்பியாக வாங்காதீர்கள். அதில் பென்சைல் ஆல்கஹால் கலந்திருக்கலாம்.

பவுடரைக் கரைக்கும் முறை

இதை அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வெறும் வயிற்று ரத்தக் கூட்டம் நிற்கும்போது கையில் எடுக்கவே வேண்டாம்.

1. குப்பியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் சில்லென்ற குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும்.

2. அடியில் மெல்லத் தட்டி, ரப்பர் மூடியில் ஒட்டிய பொடியைக் கீழே இறக்குங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும். மூடியைச் சட்டென்று பிடுங்கினால் காற்று பாய்ந்து பொடி பறக்கும். பறந்த பொடி அளவு மதிப்பு குறையும். ஓரத்தை மட்டும் தூக்கி, காற்று உள்ளே போகவிட்டு, அப்புறம் திறங்கள்.

3. 5 மி.லி. என்றால் 5.00 மி.லி. சிரிஞ்சில் அளக்காதீர்கள். ‘ஏ’ கிளாஸ் வால்யூமெட்ரிக் பிப்பெட் ஒன்று வாங்கி வைப்பது ஒரு முறைச் செலவு. 5.1 ஊற்றினால் குப்பியில் உள்ள அத்தனை பொருளும் 2 சதவீதம் நீர்த்துப்போகும், நோயாளிகள் எல்லாரும் 2 சதவீதம் ஏறுவார்கள். பிப்பெட் சரியா என்று சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள்: 30 டிகிரியில் 1 மி.லி. நீர் ஏறத்தாழ 0.996 கிராம், ஆக 5 மி.லி. 4.98 கிராம். லேபில் நல்ல தராசு இல்லையா? கும்பகோணம் கடைத்தெருவில் ஏதாவது தெரிந்த நகைக்கடையில் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும். டப்பாவில் தண்ணீரோடு போனால் சிரிப்பார்கள், ஆனால் எடை போட்டுக் கொடுப்பார்கள்.

4. மூடி, மெல்லச் சுழற்றுங்கள். குலுக்க வேண்டாம். நுரை வந்தால் புரதம் அதில் உருக்குலையும், நொதிகள் போய்விடும். இருட்டில் அரை மணி நேரம், அல்லது தாளில் சொன்ன நேரம் வையுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை தலைகீழாகத் திருப்பி எடுங்கள். அடியில் ஜெல்லி மாதிரி ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

5. லேபிளில் கரைத்த தேதி, நேரம், காலாவதி, லாட் எண், உங்கள் கையெழுத்து. நேரம் முக்கியம், தேதி மட்டும் போட்டால் தாளில் உள்ள ‘8 மணி நேரம் தாங்கும்’ என்ற கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

சீரம் கேலிப்ரேட்டர் மனித ரத்தத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் சோதனை செய்தே அனுப்புவார்கள் என்றாலும் நோயாளி சாம்பிளைக் கையாளும் அதே மரியாதையோடு, கையுறை போட்டே தொடுங்கள்.

பிரித்து வைப்பது

கரைத்த 5 மி.லி.யைப் பெரிய குப்பியிலேயே வைத்து தினமும் திறந்து மூடுவதுதான் சிறிய லேப்களில் பார்க்கும் பெரிய விரயம். தாளில் வழக்கமாக இப்படி இருக்கும்: அறை வெப்பத்தில் 8 மணி நேரம், 2–8 டிகிரியில் 2 நாள், மைனஸ் 20-இல் சில வாரம், ஒரு முறை மட்டும் உறைய வைக்கலாம். உங்கள் கம்பெனியின் எண் வேறாக இருக்கலாம். அதைத்தான் பின்பற்ற வேண்டும். பிலிருபினுக்கும் சில நொதிகளுக்கும் தனி எண் இருக்கும், சின்ன எழுத்தில்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவு, அநேகமாக அரை மி.லி., இறுக்கமான மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் குழாய்களில் பிரித்துவிடுங்கள். குழாயில் மேலே காலி இடம் அதிகம் விடாதீர்கள்; காலி இடம் என்றால் காற்று, ஆவி. முழுக்க நிரப்பவும் வேண்டாம், உறையும்போது விரியும். அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை ஃப்ரீசரின் உள்பக்கம் வையுங்கள்.

எடுத்து உருக்கும்போது வெந்நீரில் போடாதீர்கள். அறை வெப்பத்தில் தானாக உருகட்டும். உருகிய பின் கண்டிப்பாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் உறையும்போது உப்பும் புரதமும் அடியில் திரண்டு, மேலே ஏறக்குறைய வெறும் நீர் நிற்கும். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் எல்லாம் குறைவு, அடியிலிருந்து எடுத்தால் எல்லாம் கூடுதல். பத்து முறை மெல்லத் திருப்பி எடுங்கள். மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள், தாய்க் குப்பியிலும் திருப்பி ஊற்றாதீர்கள். அரை மி.லி. வீணாகிறதே என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு யோசனை புதியவர்களுக்கு வரும்: கெடாமல் இருக்க நாமே எதையாவது சேர்த்தால் என்ன? வேண்டாம். ஒரு சோதனைக்குக் காவலாக இருப்பது இன்னொன்றுக்கு எதிரி. சோடியம் ஃபுளோரைடு நோயாளியின் சர்க்கரை சாம்பிளைக் காக்கும், ஆனால் யூரியேஸ் நொதியை முடக்கும். யூரியா சோதனை படுத்துவிடும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் கவிழ்க்கும். கிளிசரால் நல்ல காப்புப் பொருள், ஆனால் டிரைகிளிசரைடு கிட் அளப்பதே கிளிசராலைத்தான். சோடியம் அசைடு பாக்டீரியாவைத் தடுக்கும், அளவு மீறினால் சர்க்கரை, கொலஸ்ட்ரால் சோதனைகளில் நிறம் உண்டாக்கும் பெராக்ஸிடேஸையும் தடுக்கும். கம்பெனிக்காரர்கள் இவற்றையெல்லாம் எடை போட்டுத்தான் எது, எவ்வளவு என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நாமே செய்துபார்க்கக்கூடிய ஒன்று: குளுக்கோஸ்

ரிப்போர்ட்டுக்கான கேலிப்ரேட்டரைக் கிட்டிலிருந்தே எடுங்கள். ஆனால் கிட் ஸ்டாண்டர்ட் மேல் சந்தேகம் வரும்போது ஒத்துப்பார்க்கச் சொந்தமாகக் குளுக்கோஸ் கரைசல் செய்யத் தெரிந்திருப்பது நல்லது. ஏ.ஆர். (ஆய்வகத் தூய்மை) தரமுள்ள நீரற்ற குளுக்கோஸை உலர்த்தி 1.000 கிராம் எடுத்து, 0.2 சதவீத பென்சாயிக் அமிலக் கரைசலில் 100 மி.லி. ஆக்கினால் அது 1000 மி.கி./டெ.லி. இருப்புக் கரைசல். பென்சாயிக் அமிலம் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது, சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டுக்கொள்ளுங்கள். இருப்பிலிருந்து 10 மி.லி. எடுத்து அதே அமிலக் கரைசலில் 100 மி.லி. ஆக்கினால் 100 மி.கி./டெ.லி. டப்பாவில் ‘மோனோஹைட்ரேட்’ என்று போட்டிருந்தால் 1.000 போதாது, 1.100 கிராம் எடுக்க வேண்டும். ஒரு நீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மளிகைக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரில் வைட்டமினும் கால்சியமும் சேர்த்திருப்பார்கள், அது களைப்புக்குக் குடிக்க மட்டும்.

செய்த உடனே மெஷினில் போட்டால் மதிப்பு குறைவாக வந்து குழப்பும். தப்பு உங்கள் தராசில் இல்லை. உலர்ந்த குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவத்தில் இருக்கும். கிட்டில் உள்ள குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதிக்குப் பீட்டா வடிவம்தான் வேண்டும். தண்ணீரில் கரைந்த பின் ஆல்ஃபா மெல்ல மெல்லப் பீட்டாவாக மாறி, 36 பங்கு ஆல்ஃபா, 64 பங்கு பீட்டா என்ற இடத்தில் நிலைகொள்ளும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ், கரண்ட், புயல்

ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் கேலிப்ரேட்டர் கூடாது, திறக்கும்போதெல்லாம் சூடாகும். பின்சுவரை ஒட்டியும் கூடாது. அங்கே சில நேரம் உறைந்துவிடும். நடுத்தட்டு, நடுவில். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை, அதன் முனை கிளிசரால் நிரப்பிய சிறு பாட்டிலில் மூழ்கும்படி வையுங்கள். கதவைத் திறந்ததும் துள்ளாமல், குப்பிக்குள் இருக்கும் உண்மை நிலவரத்தைக் காட்டும். காலை, மாலை எழுதுங்கள். டிஃபன் டப்பாவும் தயிர்ப் பாக்கெட்டும் அந்த ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர் சொல்வது சங்கடம்தான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வசதி. ஆனால் பனி கட்டாமல் இருக்க அதன் ஃப்ரீசர் அவ்வப்போது தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ளும். சின்னக் குழாய்கள் ஒவ்வொரு முறையும் லேசாக இளகி மறுபடி உறையும். பழைய மாதிரி பனி கட்டும் ஃப்ரீசரே நமக்கு நல்லது, ஆனால் அது மைனஸ் 20-ஐ எட்டுகிறதா என்று அளந்து பாருங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களின் மேல்பெட்டி பல நேரம் எட்டாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பேப்பரில் முன்கூட்டியே வரும், பெரும்பாலும் காலை 9 முதல் மாலை வரை. அன்று ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே பாதி வெற்றி. ஐஸ் ஜெல் பேக்குகளை எப்போதும் ஃப்ரீசரில் வைத்திருங்கள். புயல் வேறு விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில், சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நிலைக்குத் தடித்த தெர்மோகோல் பெட்டியும் ஐஸும்தான் கதி; கடற்கரை ஊர்களில் மீனுக்கு ஐஸ் போடும் இடத்தில் இரண்டும் கிடைக்கும். ஐஸின் மேல் குப்பியை நேரடியாக வைக்காதீர்கள். நடுவில் மடித்த துணியோ அட்டையோ வைத்து, தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டு மூடுங்கள். உறையவிடக் கூடாத திரவ ஸ்டாண்டர்ட் ஜெல் பேக்கை ஒட்டிக் கிடந்து உறைவது பார்சலில் வரும்போதும் நடக்கும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பஸ் பார்சலில் கிட் வந்தால் அன்றே பிரித்து, ஐஸ் உருகியிருக்கிறதா, குப்பி உறைந்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். சந்தேகமாக இருந்தால் திருப்பி அனுப்பக் கூச்சப்பட வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் புதிய பவுடர் குப்பி எதையும் கரைக்காதீர்கள். பவுடராக இருக்கும் வரை அது நம்மைவிடத் தைரியசாலி.

நம் லேபில் உண்மையில் எத்தனை நாள் தாங்குகிறது?

தாளில் உள்ள எண் கம்பெனியின் நல்ல ஃப்ரிட்ஜில் பார்த்தது. நம் ஃப்ரிட்ஜில் அது நிற்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. தினமும் ஒரு குழாய் எடுத்துப் போட்டுப் பார்ப்பது அல்ல. தினமும் மெஷினும் கொஞ்சம் மாறும், எது மாறியது என்று தெரியாது. அதற்குப் பதில், ஒரே குப்பியிலிருந்து பிரித்த குழாய்களை எல்லாம் ஃப்ரீசரில் வையுங்கள். தாள் 2–8 டிகிரியில் 2 நாள் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒன்றை ஃப்ரிட்ஜுக்கு இறக்குங்கள். இரண்டு நாள் முன்பு இன்னொன்று, முந்தின நாள் மற்றொன்று. சோதனை நாள் காலையில் கடைசியாக ஒன்றை நேராக ஃப்ரீசரிலிருந்து எடுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில், நோயாளி சாம்பிள் மாதிரி, இரண்டிரண்டு முறை ஓட்டுங்கள். மெஷினைப் புதிதாகக் கரைத்த வேறு குப்பியால் கேலிப்ரேட் செய்திருக்க வேண்டும். சோதிக்கப்படும் பொருளையே நீதிபதியாக உட்கார வைக்க முடியாது.

ஃப்ரீசரிலிருந்து வந்ததோடு ஒப்பிட்டு மற்றவை எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். சர்க்கரை, யூரியா போன்றவற்றில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். பிலிருபினும் நொதிகளும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஃப்ரிட்ஜில் இரண்டாம் நாளே விழுகிறது என்றால் உங்கள் லேபுக்கு ஒரு நாள்தான். மூன்றாம் நாளும் நிற்கிறது என்று தெரிந்தாலும் தாளில் உள்ளதைத் தாண்டாதீர்கள். குறைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு, நீட்டிக்க இல்லை. இந்த முறை ஃப்ரீசர் தாங்காத எல்.டி.எச்., ஏ.எல்.டி.க்குப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆவியாவதையும் இப்படியே அளக்கலாம். சாம்பிள் கப்பில் 1 மி.லி. நீர் விட்டு எடை போட்டு, மெஷின் பக்கத்தில் ஃபேன் ஓடும் இடத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து மறுபடி எடை போடுங்கள். 50 மில்லிகிராம் குறைந்திருந்தால் 5 சதவீதம் போய்விட்டது. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் இதைச் செய்து எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்தால் அப்புறம் யாரும் கப்பைத் திறந்து போடமாட்டார்கள்.

கன்ட்ரோல் வரைபடத்தைத் தினமும் போடுங்கள். ஒரு புள்ளி எல்லை தாண்டிக் குதித்தால் பிப்பெட், குமிழி என்று தேடலாம். பத்து நாள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் நின்றாலோ, படிப்படியாக ஏறினாலோ, இறங்கினாலோ முதலில் கேலிப்ரேட்டரைச் சந்தேகியுங்கள். வெளியிலிருந்து ஒரு கண்ணும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சிறிய லேப்களும் சேரலாம். மாதா மாதம் அவர்கள் சாம்பிளைப் போட்டு அனுப்பினால், அதே சாம்பிளைப் போட்ட மற்ற லேப்களுக்கு நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்கள். கேலிப்ரேட்டரும் கன்ட்ரோலும் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றினால் பிடிபடும் இடம் அதுதான்.

எப்போது கொட்ட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும்

கலங்கல், இழை, வாடை, அடியில் கரையாத படிவு, நிறம் மாறுதல், தேதி இல்லாத லேபிள்: இதில் ஒன்று இருந்தாலும் வெளியே. பார்க்க நன்றாக இருப்பது நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல, காலாவதி தாண்டியதும் கொட்ட வேண்டியதுதான்.

பேசினில் ஊற்றாதீர்கள். பல கேலிப்ரேட்டர்களில் சோடியம் அசைடு இருக்கும். ஈயம், செம்பு, பித்தளைக் குழாய்களில் அது சேர்ந்தால் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். அசைடு உள்ளதை அமிலத்திலோ பிளீச்சிங் கரைசலிலோ கலக்கவும் கூடாது. நச்சு வாயு வரும். சாம்பிள் மிச்சத்தையெல்லாம் ஹைப்போகுளோரைட் வாளியில் கொட்டும் பழக்கம் உள்ள லேபில் கேலிப்ரேட்டருக்குத் தனிப் புட்டி ஒன்று வைத்து, மேலே எழுதி ஒட்டி, உயிர் மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டிக்காரரிடம் ரசாயனக் கழிவு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.